பித்தளைப் பொட்டு

யார்க்டன் ஊர் மன்றத்தில், ஹாக்கி அரங்குக்குப் பின்னால்,
மார்ச் மாதச் சந்தை.
நீள மேசைகளில் கத்திகள், பதக்கங்கள்,
யாரோ கழற்றிப்போட்ட பூட்ஸ்.
லோர்ன் பெட்ரியின் மேசையில் அது ஒன்றுதான்,
ராணுவப் போர்வையின்மேல்
தூங்குகிறவர் மாதிரி.

நானூற்று இருபது டாலர்.
"எங்கள் சித்தப்பா இத்தாலியில் தூக்கித் திரிந்தது.
மூன்று பேர்," என்றார். விரலைக் காட்டவில்லை.
குரலைத் தாழ்த்தினார், அவ்வளவுதான்.

இனாமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இது காசு கொடுத்த மாடு. பார்த்தேன்.
குழலுக்குள் விளக்கடித்தேன்:
எண்பது வயதுக்கு நம்ப முடியாத பளபளப்பு.
அங்கேயே பொறி தட்டியிருக்க வேண்டும்.
போருக்குப் போன எது அப்படித் திரும்பி வருகிறது?

வீட்டில் டார்யா கேட்டது ஒன்றே:
"மானுக்கு இதன் வயது தெரியுமா?"
சமையல் மேசையில் செய்தித்தாள் விரித்துத்
திருகாணிகளைக் கழற்றினேன்.
போல்ட்டில் ஓர் எண், உடம்பில் வேறோர் எண்.
போர்க்காலத்தில் இதெல்லாம் நடக்கும் என்று
எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன்.
கட்டையில் ஆளிவிதை எண்ணெய் வாசனை, நேற்றுப் பூசியதுபோல.
அதற்கும் ஒரு நியாயம் சொன்னேன்.

முன்கட்டை வராமல் அடம்பிடித்தது.
ரப்பர் சுத்தியலால் தட்டத் தட்டக்
கடைவாய்ப் பல்லைப் போல விட்டுக்கொடுத்தது.
உள்ளே பச்சைப் பெயின்ட்,
அதன்மேல் ஒரு வெள்ளைப் பட்டையின் மிச்சம்.
தோட்டா உட்காரும் அறையின் பக்கவாட்டில்
சுண்டுவிரல் நகத்தளவு
மஞ்சள் பொட்டு.

ஜினெட் ஆர்சனோ தன் பட்டறையில்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தாள்.
சிரிப்பு பாதியில் நின்றது.
"சுட்டுப் பார்த்தாயா?"
இல்லை.
"நல்லவேளை. இது பயிற்சித் துப்பாக்கி, ஓரெஸ்ட்.
பையன்கள் தோளில் சாய்த்து இடது வலது போட.
சுடவே கூடாதென்று அறையில் துளை போட்டுத்தான் கொடுப்பார்கள்.
பிறகு எவனோ பித்தளை வைத்துப் பூசி மெழுகியிருக்கிறான்.
ஒரே ஒரு தோட்டா. இந்தப் பொட்டு உன் கண்ணில் இருந்திருக்கும்."
பெயின்டைச் சுரண்டினாள். டி. பி.
துளை போட்ட ஆண்டும் இருந்தது: நாற்பத்திரண்டு.
"விற்றவனிடம் சொல். இல்லாவிட்டால் அடுத்தவன் குருடாவான்."

அறுபது கிலோமீட்டர், பனி உருகிய சேறு.
வழியெல்லாம் வசவுகளை அடுக்கிக்கொண்டே போனேன்,
உக்ரேனிய மொழியில் ஏழு, ஆங்கிலத்தில் நாலு.
கதவைத் திறந்த லோர்ன் ரொட்டி மென்றுகொண்டிருந்தார்.
எதையும் சொல்லாமல் கழற்றிக் காட்டினேன்.

கண்ணாடி தேடினார். போட்டார். எடுத்துத் துடைத்தார். போட்டார்.
பொட்டின்மேல் சுண்டுவிரலை வைத்தார்,
காய்ச்சல் பார்க்கிறவர் மாதிரி.
"நாற்பத்திரண்டு," என்றார்.
"அவர் இத்தாலிக்குப் போனது நாற்பத்துமூன்று."
அடுப்பில் ஏதோ தீய்ந்தது. இருவரும் எழவில்லை.

"ஒவ்வொரு நவம்பரும் அந்த மூன்று பேருக்காகக் குடித்தார்.
ஒருவனுக்கு மச்சம் இருந்ததாம், இங்கே."
தன் கன்னத்தைத் தொட்டார்.
"அப்படியென்றால் அவனை எதால்..."

பிஸ்கட் டப்பாவிலிருந்து எண்ணிக் கொடுத்தார்.
இருபது டாலர் குறைந்தது. நான் கேட்கவில்லை.
ஏழும் நாலும் வாய்க்குள்ளேயே கிடந்தன.
"கட்டையை மாட்டிவிட்டுப் போகிறாயா? என் கை நடுங்குகிறது."
மாட்டினேன்.
விசைக்கு மேலே, சிவப்பு மார்க்கரில்,
பெரிய எழுத்தில் எழுதினேன்: சுடாதே.
அவர் தடுக்கவில்லை.
மார்க்கரை வாங்கிக்கொண்டு
இன்னும் ஏதோ சேர்க்கப் போகிறவர் மாதிரி குனிந்தார்,
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்,
மூடிக் கொடுத்துவிட்டார்.

சரியாக மூடவில்லை.
என் சட்டைப்பையில் அந்தச் சிவப்பு
இரண்டு முறை துவைத்தும் போகவில்லை.